கல் விழும் வீடு

பேய், பிசாசு, மர்ம நிகழ்ச்சிகள் பற்றிய புத்தகங்களுக்கென்றே மதுரையில் ஒரு கடை இருப்பதாகக் கேள்விப்பட்டு, முத்துசெல்வி கோவில்பட்டியில் பஸ் ஏறினாள். ஐந்து புத்தகக் கடைக்காரர்கள் சிரித்து அனுப்பியும் அவள் விடவில்லை. ஆறாவதாக அந்தக் கடையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னம்மா வேணும்?"

"எங்க ஊரு ஆம்பளைகளை எல்லாம் கெடுத்து வச்சிருக்க சாராயக்காரன் வீட்டு ஓட்டு மேல ஒரு மாசமா கல்லு விழுது அண்ணாச்சி. பேய்தான்னு ஊரே பேசுது."

கடைக்காரர் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இதுல பேயை விரட்டுற வழியெல்லாம் இருக்கு."

"விரட்டுறது வேண்டாம். பேய் வேற என்னெல்லாம் செய்யும்னு போட்டிருக்கிற புத்தகமாக் குடுங்க. கல்லுக்கு அவன் ஊரைவிட்டுப் போக மாட்டேங்கான். எறிஞ்சு எறிஞ்சு எனக்குக் கைதான் வலிக்குது!"