முதல் எழுத்து

மருத்துவ இதழின் ஆசிரியர் கட்டுரையின் அச்சுப்படியை டாக்டரிடம் நீட்டினார்.

"இங்கிலீஷ்ல நோய்ப் பேரெல்லாம் சின்ன எழுத்துலதான் ஆரம்பிக்கும். மனுஷங்க பேர் வச்ச நோய்க்கு மட்டும் முதல் எழுத்து பெரிசு. இந்தப் புது நோய்க்கு உங்க பேர்தான் டாக்டர்! எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

"என் பேர் வேண்டாம். எடுத்துடுங்க."

"அடக்கத்துக்கும் ஒரு அளவு வேணும். கண்டுபிடிச்சது நீங்கதானே? முதல்ல இறந்துபோன அந்த ஏழு வயசுக் குழந்தை தூக்கத்துல முனகினதைக்கூட விடாம எழுதியிருக்கீங்களே!"

"பக்கத்துலதான் படுத்திருந்தேன்."

ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

"என் பேரோட முதல் எழுத்துதான் சார் அவளுக்கு இனிஷியல். பெத்த பொண்ணுக்குக் கொடுத்ததை, அவளைக் கொண்டுபோன நோய்க்கும் கொடுக்கச் சொல்றீங்களா?"