முந்தி வந்த மாப்பிள்ளை

நவ்ரூஸ் புத்தாண்டு விருந்துக்கு இந்த வருடமாவது மூத்த சகலை போலத்துக்கு முன்னால் மாமனார் வீட்டில் போய் இறங்கிவிட வேண்டும் என்பதே தல்காத்தின் வாழ்நாள் லட்சியம். அவனுடைய கிழட்டுக் காரோ, அல்மாட்டி நகரத்தைத் தாண்டி ஒரு மேட்டைக் கண்டாலே மூச்சு வாங்கும்.

அதற்கு வழி சொன்னது யார் தெரியுமா? அந்தப் போலத்தேதான்!

"எதுக்கு சகலை புது வண்டி? ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் மாத்து. டயர்ல காத்தைச் சரியா அடி. பனிக்கு வழுக்காம இருக்க டிக்கியில போட்ட மணல் மூட்டையைத் தூக்கி எறி. அப்புறம் பாரு, குதிரையாட்டம் பறக்கும்!"

'எதிரிக்கே கத்தி தீட்டிக் கொடுக்கிறானே, இளிச்சவாயன்!' என்று தல்காத் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

கார் பறக்கத்தான் செய்தது. மலைப்பாதையில் ஹாரன் அலறப் போலத்தின் பெரிய காரை முந்தினான். போலத் ஒதுங்கி வழிவிட்டதோடு கையும் அசைத்தான்.

வாசலிலேயே மாமனார் கட்டிக்கொண்டார். "வாங்க மாப்பிள்ளை! இன்னைக்குத்தான் மொதல் ஆளா வந்திருக்கீங்க."

தல்காத்தின் நெஞ்சு விம்மியது.

மாமனார் ஒரு வாளியை நீட்டினார். "மொதல்ல வர்ற மாப்பிள்ளைதான் ஆட்டுக்குடல் கழுவி, விறகு பொளக்கணும். எப்பவும் நீங்க வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். பாவம், வருஷா வருஷம் பெரிய மாப்பிள்ளைதான் செஞ்சாரு. இப்பதான் போன் பண்ணினாரு, வழியில டீ குடிச்சிட்டுச் சாவகாசமா வர்றாராம்."