கூடுதலாக ஒரு படம்

சிங்கப்பூரில் ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் மருதமுத்து, ஊரிலிருந்து மனைவி கோமதியைப் பத்து நாளுக்கு வரவழைத்திருந்தான். பகலெல்லாம் அவளை நிற்கவைத்துப் படம் எடுப்பான். சாயங்காலம் லிட்டில் இந்தியா விடுதி அறையில் படங்களை லேப்டாப்பில் ஏற்றி, எண்ணிக்கை ஒத்துப்போன பிறகே போனிலிருந்து அழிப்பான். பட்டறையில் போல்ட்டு எண்ணிப் பழகிய கை.

மூன்றாம் நாள் போனில் அறுபத்து நாலு, லேப்டாப்பில் அறுபத்தைந்து. கூடுதல் படத்தில், டோபி காட் ரயில் நிலைய வாசலில் இருவரும் சேர்ந்து நின்றார்கள்.

"யாருகிட்டயாவது போனைக் குடுத்தீங்களா?"

"இல்லடி. கேக்கவே எனக்குக் கூச்சமாச்சே."

கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு, பதினோரு வருஷத்தில் அவர்கள் சேர்ந்திருக்கும் முதல் படம் அது. கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பின் தினமும் ஒன்று கூடுதலாக வந்தது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கிட்டத்தில் எடுத்தது. ஒன்பதாம் நாள் படம், இருவரும் இந்த அறையில் இருப்பது, ஜன்னலுக்கு வெளியிலிருந்து எடுத்தது. அறை எட்டாவது மாடி.

கடைசிச் சாயங்காலம், "இன்னைக்கு ஏத்த வேணாம், பயமா இருக்கு" என்றான்.

"நமக்கு நல்லதுதானே செஞ்சிருக்காங்க. பயமென்ன?"

அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்து, அவனை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஜன்னலைப் பார்த்துக் கைகூப்பி, "ரொம்ப நன்றிங்க" என்று சிரித்தாள்.

பிறகு படங்களை அவளே ஏற்றினாள். போனில் முப்பத்தெட்டு. லேப்டாப்பில் முப்பத்தொன்பது. கடைசிப் படத்தில் இரண்டு முகங்கள் மட்டுமே நிறைந்திருந்தன, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில். அவள் சிரிப்பு அழகாக விழுந்திருந்தது.