வெள்ளிக்கிழமை வருகிறேன்

"உன்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை ஆற்றைத் தாண்டி வந்து வில்லோ பெண்ட் ஊரைக் கொளுத்தப் போகிறேன். முடிந்தால் தடுத்துப் பார்!"

தெற்குப் படையின் மேஜர் லாட்டிமர் வெள்ளைக்கொடி பிடித்த ஆளிடம் கொடுத்தனுப்பிய கடிதம். படித்துக் காட்டிய லெப்டினன்ட் ப்ரூயிட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து, மிசௌரி எல்லையில் இருந்த அந்த முகாமுக்கு அவன் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

முகாம் தலைவர் கேப்டன் ஹாஸ்கின்ஸ் சோளரொட்டியை மென்றபடி கேட்டுக்கொண்டார். பிறகு, வில்லோ பெண்ட் ஜனங்களை ஆடு மாடுகளோடு முகாமுக்கு அழைத்துவரச் சொன்னார். அவ்வளவுதான். சண்டைக்கு ஒரு சிப்பாயைக்கூட அனுப்பவில்லை.

சொன்னபடியே வெள்ளிக்கிழமை எதிரிகள் வந்தார்கள். ஆளில்லாத வீடுகளைக் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

ப்ரூயிட்டுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கொளுத்த வருகிறவன் எதற்கு நாள் சொல்கிறான்? நாள் தெரிந்தும் இவர் ஏன் மடக்கிப் பிடிக்கவில்லை?

கேட்டே விட்டான்.

"மடக்கியிருக்கலாம்தான். ஆனா அடுத்த தடவை அவன் நாள் சொல்லிட்டு வரமாட்டானே, ப்ரூயிட்" என்றார் கேப்டன்.

அதைக் கேட்டு இன்னும் குழம்பிப் போனான். அதோடு, லாட்டிமருக்கு அனுப்பும் கடிதங்களைக் கேப்டன் தானே எழுதி, தானே ஒட்டுவார். யார் கண்ணிலும் காட்டமாட்டார். இது பயமா, துரோகமா? இரண்டு நாள் மனசு அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் தலைமையகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டான்.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. கேப்டன் விசாரணைக்குப் போக வேண்டும். முகாம் பொறுப்பு ப்ரூயிட்டுக்கு.

எழுதியது யாரென்று கேப்டன் கேட்கவில்லை. கை குலுக்கிவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ப்ரூயிட்டுக்கு.

அதே தபால் பையில் இன்னோர் உத்தரவும் இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள எல்க் ஹாலோ ஊரைத் திங்கட்கிழமை கொளுத்த வேண்டும். எதிரிகளுக்குச் சோறு போடும் ஊராம்.

சார்ஜென்ட் மெக்கேபைக் கூப்பிட்டு, அந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தான். பெண்களும் குழந்தைகளும்தான், ஆண்களெல்லாம் சண்டைக்குப் போய்விட்டார்கள் என்றார் அவர்.

"அப்போ, இதுக்கு முன்னால அக்கரை ஊர்களைக் கொளுத்தினப்போ அவங்களையெல்லாம் என்ன பண்ணீங்க?"

"அதுதான் சார் எங்களுக்கும் புரியலை. நாங்க போறப்பெல்லாம் ஊர் காலியாத்தான் கிடக்கும். ஒரு கோழிகூட இருக்காது. யாரோ முன்கூட்டியே சொல்லிடறாங்க சார்."

கேப்டன் தானே எழுதி ஒட்டிய கடிதங்கள் ப்ரூயிட்டுக்கு நினைவுக்கு வந்தன. பிறகு சார்ஜென்டை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டான். 'மேஜர் லாட்டிமருக்கு' என்று எழுதினான்.

வழியில் யார் பிரித்துப் படித்தாலும் மிரட்டல் கடிதமாகத்தான் தெரிய வேண்டும்.

பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். பாதிரியார் வீட்டுப் பிள்ளை. இதுவரை ஒருவரையும் திட்டிப் பழக்கமில்லை.