ஷுட் என்பதற்குப் பிறகு

வில்ஃப் சொன்ன பஸ் கதையை நைஜல் முப்பத்தெட்டு வருஷமாக நம்பியும் நம்பாமலும் வைத்திருந்தான்.

வில்ஃப் அவன் அம்மாவின் இரண்டாவது கணவர். லோஸ்டாஃப்டிலிருந்து யார்மத்துக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நைஜலுக்குப் பதினெட்டு வயதானபோது, ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் தபால்தலை இல்லாத ஓர் உறையை நீட்டினார்.

"உங்கப்பா இன்னிக்கு என் பஸ்ல ஏறினாரு. உன்கிட்ட குடுக்கச் சொன்னாரு."

"வேற என்ன சொன்னாரு?"

"டிக்கெட் கேட்டாரு. குடுத்தேன்."

அப்பா ஆங்கில ஆசிரியர். நைஜலுக்கு ஏழு வயதாக இருக்கும்போது வீட்டை விட்டுப் போனவர். உறைக்குள் டைப் அடித்த ஒரே வரி.

'உன் பிறந்தநாளுக்கு நான் வந்திருக்க வேண்டும். அப்பா.'

ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியில் ஒரு பிழை இருந்தது. 'வந்திருக்க வேண்டும்' என்று சொல்ல, ஷுட் என்பதற்குப் பிறகு ஹேவ் வர வேண்டும். கடிதத்தில் ஆஃப் என்று இருந்தது. வேகமாகப் பேசும்போது ஹேவ் தேய்ந்து, இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். காதை நம்பி எழுதுகிறவர்கள் ஆஃப் போட்டுவிடுவார்கள். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுவார்கள்.

அப்பா மட்டும் உயிரே போனாலும் எழுதமாட்டார்.

நைஜலுக்குத் தெரியும். ஒன்பது வயதில் அவருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தான். 'அப்பா, நீங்க என் பிறந்தநாளுக்கு வந்திருக்கணும்.' அவனும் ஆஃப் என்றுதான் எழுதியிருந்தான். பத்து நாளில் அதே கடிதம் திரும்பி வந்தது. ஆஃப் என்ற சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். ஓரத்தில், 'திருத்தி மூன்று முறை எழுது.' வேறு ஓர் எழுத்து இல்லை.

சமையலறையில் அழுதுகொண்டு நின்றவனிடமிருந்து வில்ஃப் அந்தத் தாளை வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தார்.

"இதுல என்னடா தப்பு? எனக்கு எல்லாம் சரியாத்தான் தெரியுது."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நைஜல் நினைத்தான்.

அதனால்தான் பதினெட்டு வயதில் வந்த அந்த ஒற்றை வரி அவனை விடவில்லை. சிவப்பு வட்டம் போட்ட மனிதர், மகன் செய்த அதே பிழையைத் தெரிந்தே செய்திருக்கிறார் என்றால்? அதைவிடப் பெரிய மன்னிப்பு உண்டா? பதில் எழுதத்தான் பலமுறை உட்கார்ந்தான். கை வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அப்பா இறந்துபோனார். அந்த வரியை நம்பித்தான் நைஜல் கல்லறைக்குப் போனான், அழுதான்.

பிறகு அவனும் ஆங்கில ஆசிரியன் ஆனான். ஷுட், குட், வுட், எது வந்தாலும் அடுத்து ஹேவ் என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதினான். பிள்ளைகள் நோட்டில் மட்டும் சிவப்பு மையைத் தொடமாட்டான். பென்சிலால் மெல்ல ஒரு கோடு.

ஆனாலும் சில நாள் மனசு அரிக்கும். அப்பா இருந்தது தள்ளி, நார்விச்சில். கார் வேறு வைத்திருந்தார். யார்மத் பஸ்ஸில் அவருக்கு என்ன வேலை?

எத்தனை முறை கேட்டாலும் வில்ஃப் சொல்வது ஒன்றுதான். "வண்டி ரிப்பேரா இருந்திருக்கும், வாத்தியாரே. பஸ்ல ஏறுறவங்ககிட்ட ஏன் ஏறுறேன்னா கேப்பாங்க?"

போன மாதம் அம்மா போய்விட்டாள். கிறிஸ்துமஸ் அட்டையிலிருந்து பால்காரருக்கு வைக்கிற சீட்டு வரை, அந்த வீட்டில் எழுதுகிற வேலையெல்லாம் அவளுடையது. சனிக்கிழமை நைஜல் போனபோது கதவு பூட்டியிருந்தது. அதில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெரிய பெரிய எழுத்து.

'மீன் வாங்கப் போறேன். நேத்தே வாங்கியிருக்கணும். சாவி பூந்தொட்டிக்கு அடியில். வில்ஃப்.'

நேத்தே வாங்கியிருக்கணும். ஷுட் ஆஃப்.

நைஜல் வாசலிலேயே நின்றுவிட்டான். ஐம்பத்தாறு வயதில் இப்போதுதான் முதல்முறையாக வில்ஃப் எழுதிய ஒரு வரியைப் படிக்கிறான். பஸ் டிப்போ ஆபீசில் ஒரு பழைய டைப்ரைட்டர் இருந்தது ஞாபகம் வந்தது. 'இதுல என்னடா தப்பு?' என்று அன்றைக்குக் கேட்டாரே, அது ஆறுதலுக்குக் கேட்டதா, நிஜமாகவே தெரியாமல் கேட்டதா?

மூலை திரும்பி, மீன் பொட்டலத்தோடு வில்ஃப் வந்தார். எண்பத்து நாலு வயது.

"ஏன் வெளியிலேயே நிக்கறே? சாவி எங்கேன்னு எழுதித்தானே வெச்சேன். படிக்கத் தெரியாதா வாத்தியாரே?"

"படிச்சேன், வில்ஃப்."

"தப்பு ஏதாவது இருக்கா? உங்கம்மா இருந்தா பார்த்துச் சொல்லுவா."

நைஜல் காகிதத்தைக் கிழியாமல் பிரித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

வில்ஃப் குனிந்து பூந்தொட்டியை நகர்த்தினார். இவ்வளவு வருஷமாகக் கேட்க நினைத்த கேள்வி நைஜலின் நாக்கு நுனியில் இருந்தது. கடைசியில் கேட்டான். வேறு மாதிரி.

"அப்பா, அந்தக் கடிதத்துக்கு நான் அன்னிக்கே பதில் போட்டிருக்கணும், இல்ல?"