கஞ்சன்ஜங்காவில் சிரித்தவன்

ஆட்டம் தொடங்க விளக்கை அணைத்ததும் வேலம்மா திரும்பி, சினிமாக் கொட்டகையின் பின்சுவரில் இருந்த சதுர ஓட்டையைப் பார்த்தாள்.

அதற்குப் பின்னால் நின்றுதான் இனாயத்துல்லா படம் சுற்றினார். அவள் கேட்டதைச் செய்கிறேன் என்றும் அவர் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பக்கத்தில் மாமியார் பேச்சி. துவைத்த சேலை கட்டி, தலை வாரி, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

துரைமார்கள் கஞ்சன்ஜங்கா மலை ஏறப் போனதை எடுத்த படம் அது. படம் ரங்கூனுக்கு வந்து சில நாள்தான் ஆகிறது.

வேலம்மாவின் புருஷன் அய்யாசாமி ஒரு துரைக்குக் குதிரைக்காரனாக டார்ஜிலிங் போனவன். அங்கிருந்து அந்த மலைக்குச் சுமை தூக்கப் போகிறான் என்று சேதி வந்தது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை.

நேற்று வேலம்மா தனியாக வந்து பார்த்திருந்தாள்.

பனிச்சரிவில் வரிசையாக ஏறுகிற ஆட்களில் கடைசியாக அவன் வந்தான். முதுகில் மூட்டை. படம் எடுப்பவரைக் கண்டதும் நின்று, பல் தெரியச் சிரித்தான்.

அடுத்த காட்சியில் கற்களைக் குவித்து வைத்திருந்தார்கள். சுற்றிலும் துரைமார்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். திரையில் வந்த இங்கிலீஷ் எழுத்தை, படத்தை விளக்குகிறவர் உரக்கத் தமிழில் சொன்னார். பனிப்பிளவில் விழுந்து செத்த கூலியாள், ரங்கூன் அய்யாசாமி.

வீட்டுக்குப் போனவளுக்குப் பாதிதான் வாயில் வந்தது. உங்கள் மகன் படத்தில் வருகிறார், சிரிக்கிறார் என்றாள். மீதியைச் சொல்லாமல் அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

பேச்சி ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பிளேக்குக்குக் கொடுத்தவள். மிச்சம் இவன் ஒருவன்தான். நானும் பார்க்கணும் என்று பொழுது விடிந்ததுமே கிளம்பி நின்றாள்.

அதனால்தான் ஆட்டம் தொடங்குமுன் வேலம்மா இனாயத்துல்லாவைத் தேடிப்போய், அந்தச் சிரிப்புக்கு அப்புறம் படத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். நிறுத்தினால் விளக்குச் சூட்டில் பிலிம் பற்றிக்கொள்ளும், கொட்டகையே போய்விடும் என்றார் அவர். கையால் வெளிச்சத்தை மறைத்தாலோ ஜனம் பெஞ்சை உடைக்கும், என் வேலையும் போகும் என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் ஏணியில் ஏறிவிட்டார்.

திரையில் பனி வந்தது.

கூடாரங்கள் வந்தன. கயிறு கட்டிய துரைமார்கள் வந்தார்கள்.

ஆட்கள் வரிசையாக ஏறினார்கள். கடைசியில் அவன்.

நின்றான். சிரித்தான்.

பேச்சி பாதி எழுந்துவிட்டாள். வேலம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது திரை இருண்டு கிடந்தது. பின்னால் இயந்திரம் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

ஜனம் விசிலடித்தது. காலால் தரையை உதைத்தது. யாரோ பர்மிய மொழியில் திட்டினார்கள்.

ஆனால் விளக்குகிறவருக்கு எல்லாம் மனப்பாடம். இருட்டிலேயே அவர் தொடங்கினார். ‘பனிப்பிளவில்’ என்ற ஒரு சொல் வேலம்மாவின் காதில் விழுந்தது. மற்றதைக் கூச்சல் விழுங்கியது.

மாமியாரின் மணிக்கட்டைத் தான் நெரித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வெளிச்சம் திரும்பியபோது துரைமார்கள் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். உச்சியைத் தொடாமலே எல்லோரும் இறங்கினார்கள்.

படம் முடிந்ததும் பேச்சி எழுந்தாள். பிள்ளை இளைத்துப்போயிருக்கிறான் என்று மட்டும் சொன்னாள். வேலம்மாவுக்கு மூச்சு வந்தது.

வெளியே வெயிலில் கண் கூசியது. இருவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள்.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போகிற தெரு வந்தது. பேச்சி அதில் திரும்பாமல், போட்டாதாங் துறைக்குப் போகிற சாலையில் நேரே நடந்தாள்.

“வீடு இப்படி இருக்கு அத்தை.”

பேச்சி நிற்கவில்லை.

“ஆத்துக்குப் போவோம் தாயி. தலை முழுகிட்டு வீட்டுக்குப் போகலாம்.”