ஆர்வில் இருக்கிறாரா?

"ஹுல்டாக்கா, தயவுபண்ணி போனை வையுங்க. லைன் எனக்கு வேணும்."

நெப்ராஸ்காவின் அந்த மூலையில் ஆறு பண்ணை வீடுகளுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் கம்பி. ஒரு வீட்டில் பேசினால் மற்ற ஐந்து வீட்டிலும் கேட்கலாம். கேட்கவும் செய்தார்கள்.

"ஆர்வில்கிட்டயிருந்து இன்னும் ஒண்ணும் வரலையா?" ஹுல்டாவின் குரல் இறங்கியது. "மலைப்பாதையில ஏதோ மாட்டு லாரி உருண்டுடுச்சுன்னு ரேடியோவில சொன்னானே."

"அதுக்குத்தாங்க்கா கேக்குறேன். சால்ட் லேக் சிட்டிக்கு மாடு ஏத்திக்கிட்டு, இருமிக்கிட்டே கிளம்பின என் வீட்டு மனுஷன். இந்தப் பனியில வண்டியை எடுக்காதீங்கன்னேன், கேக்கலை."

வெர்னா போனை வைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். நேற்றிலிருந்து அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

மணி அடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை. ஆறு வீட்டில் அது அவள் வீட்டுக்கான மணி.

"சால்ட் லேக் சிட்டியிலிருந்து டிரங்க் கால்," என்றாள் ஆபரேட்டர். "மிஸ்டர் ஆர்வில் டெக்கர் இருக்காரா?"

வெர்னா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இல்லைங்க. அவர் இங்க இல்லை."

"இது அவர் ஒருத்தருக்குன்னு பேர் சொல்லிக் கேட்ட கால், மேடம். அவரே வந்து பேசினாத்தான் கட்டணம். எப்ப வருவார்?"

கம்பியில் யாரோ இருமினார்கள். ஆறு வீட்டு லைனில் அது புதிதில்லை.

"தெரியலை." வெர்னா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "நல்லபடியா வரணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

லைன் துண்டானது.

பனியில் சறுக்கிக்கொண்டு பக்கத்துப் பண்ணையிலிருந்து ஹுல்டா ஓடி வந்தபோது, வெர்னா சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஏப்ரனில் முகத்தைப் புதைத்து விம்மிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் கேட்டேன்டி," என்றாள் ஹுல்டா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "மாடு வாங்குறவங்க அங்கேயிருந்து இவனைத் தேடுறாங்க. அப்போ ஆளு அங்க வரலைன்னுதானே அர்த்தம்? கூப்பிடுறது யாருன்னுகூடக் கேக்காம விட்டுட்டியே, பைத்தியக்காரி. எழுந்திரு, ஷெரீப்புக்குப் போன் போடுவோம்."

வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தீக்குச்சியை உரசி அடுப்பைப் பற்றவைத்தாள். காபிக்குத் தண்ணீர் ஏற்றினாள்.

ஹுல்டா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? புருஷனைக் காணோங்கிறாங்க, நீ காபி போடுற."

வெர்னா அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தாள். ஈரக் கண்களில் சிரிப்பு வந்தது.

"ஊர் போய்ச் சேர்ந்ததும் காசு செலவில்லாம சேதி சொல்ல, 'ஆர்வில் இருக்காரா'ன்னு கேக்குறதே ஆர்வில்தாங்க்கா."